போல்ட் பிரித்த தேதி

மேல் முகாம்
ஜனவரி 11

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நானும் இல்லை, நீங்களும் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று கீழேயிருந்து விசாரணை அதிகாரி வந்தார். நீங்கள் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினாராம். "துப்பாக்கி என் கையை விட்டுப் போகும்போது சுத்தமாக இருந்தது. அதன் பிறகு வைத்திருந்தவர் அதற்கு என்ன செய்தார் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளவும்." வீடு திரும்பிய இவர், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் வைத்தது வைத்தபடியே காய்ந்தது.

டிசம்பர் பதினாறாம் தேதி காலை என்ன நடந்தது என்று முகாமில் எல்லோருக்கும் தெரியும். வாளித் தண்ணீர் கல்லாக உறைந்திருந்த காலை. இவரும் கூட்டாளிக் காவலர் நெட்டையும் காட்டுக்குள் ரோந்து போனார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி, அதுவும் இவர் தோளில். நெட்டையிடம் தடியும் வயர்லெஸ் பெட்டியும்தான். ஓடைத் திருப்பத்தில் கரடி நெட்டையின் மேல் பாய்ந்தது. இவர் குறி பார்த்து விசையை இழுத்தார். "டிக்" என்றது. அவ்வளவுதான். பிறகு துப்பாக்கிக் கட்டையாலேயே, கட்டை இரண்டாகப் பிளக்கும்வரை கரடியை அடித்திருக்கிறார். அதில்தான் இவருடைய இடது கையைக் கரடி குதறியது. நெட்டையைத் தூக்கி வந்து என் மேசையில்தான் போட்டார்கள். முகாமுக்கு ஒரே நர்ஸ் நான். நாடி பார்க்கக்கூட அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

அந்தத் துப்பாக்கியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நீங்கள். முகாமுக்குக் கீழே லாரி வழியில் இருக்கிற ஆயுத அறைக்கு நீங்கள்தான் பொறுப்பு. மனிதன் என்றால் கை தவறும். "தவறிவிட்டேன்" என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? அதைச் செய்யாமல், கை குதறப்பட்டவர் தலையிலேயே பழியையும் ஏற்றுகிறீர்களே.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். நம் வீட்டிலேயே அதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

ஆபீஸ் போனில் கூப்பிட வேண்டாம். அங்கே பேசினால் பதினோரு காதுகள். எழுதுவதானால் எழுதுங்கள். அதுவும் அந்த ஒரு வரியை எழுதுவதானால்.

தங்கை


கீழ் நகரம், மோட்டார் பட்டறை மாடி
ஜனவரி 15

தங்கச்சிக்கு,

'நீங்கள்' போட்டு எழுதியிருக்கிறாய். முப்பத்திநாலு வருஷத்தில் முதல் தடவை. அடிக்கக் கம்பைத் தேடாமல் மரியாதையைக் கையில் எடுத்திருக்கிறாய். நன்றாகவே வலிக்கிறது.

நீ கேட்ட ஒரு வரியை எழுத மாட்டேன். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பது பணிவு இல்லை, பொய்ச்சாட்சி. என்னைத் தற்காலிக நீக்கம் செய்து இங்கே இறக்கி விட்டிருக்கிறார்கள். கீழே பகல் முழுக்க மோட்டார் சுற்றுகிற சத்தம். அதில் உட்கார்ந்து உனக்குப் பாடம் எடுக்கிறேன், பொறுமையாகப் படி.

போல்ட் என்றால் உனக்குத் தெரியும். துப்பாக்கியின் பின்வாசலைச் சாத்துகிற இரும்பு உருளை. கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே அமுக்கினால் தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். அந்த உருளையின் வயிற்றுக்குள் ஒரு ஸ்பிரிங், அதன் நடுவில் ஒரு ஊசி. விசையை இழுத்தால் ஸ்பிரிங் ஊசியை முன்னால் எறியும். ஊசி தேள் மாதிரி தோட்டாவின் முதுகில் கொட்டும், தோட்டா வெடிக்கும். கொட்டுகிற வேகம் குறைந்தால் வெடிக்காது. 'டிக்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும்.

நான் சுத்தம் செய்கிற விதத்தையும் கேள். போல்ட்டை வெளியே எடுத்து, பின்மூடியைத் திருகிக் கழற்றி, ஊசியையும் ஸ்பிரிங்கையும் தனித்தனியே பிரிப்பேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பேன். பனியன் துணியைக் குச்சியில் சுற்றி உருளைக்குள் விட்டு, துணி வெள்ளையாகத் திரும்பி வரும்வரை துடைப்பேன். பிறகு ஹீட்டர் பக்கத்தில் உலரவைப்பேன். வெளிப்புறத்துக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய், அதையும் விரலில் தொட்டுத் தடவித் துணியால் துடைத்து எடுத்துவிடுவேன். பூட்டிக்கொள்கிற இரண்டு காதுகளுக்கும் தீக்குச்சி முனையளவு கிரீஸ். ஊசிக்கும் ஸ்பிரிங்குக்கும் ஒன்றுமே கிடையாது. மேல் முகாம் குளிரில் எண்ணெயும் கிரீஸும் இறுகி ஊசியைப் பிடித்துக்கொள்ளும், அதனால் அவை சுக்கு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். புதிதாக வருகிற ஒவ்வொரு காவலனுக்கும் நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இது. உன் புருஷனுக்கும் சொன்னேன்.

டிசம்பர் பதினெட்டு, அதிகாரியின் கண் முன்னால் அந்த போல்ட்டை நானே பிரித்தேன். ஊசி வெளியே வர அடம்பிடித்தது. இழுத்தால், ஸ்பிரிங்கின் சுற்றே கண்ணுக்குத் தெரியவில்லை. மஞ்சள் மெழுகுக்குள் புதைந்து கிடந்தது. தண்ணீர் பம்புக்குப் போடுகிற கிரீஸ். என் அறையில் அந்த ஜாதி கிரீஸே கிடையாது. ஆனால் குடியிருப்பில் உன் வீட்டுப் பின்பக்கம் ஒரு பம்பு இருக்கிறது. அலமாரியில் ஒரு டப்பா இருக்கும். எழுந்து போய்ப் பார்.

உன் புருஷனின் பராமரிப்பு லட்சணம் எனக்குப் புதிது இல்லை. செப்டம்பரில் கொண்டுவந்த போல்ட்டில் துரு பூத்திருந்தது. "ஜன்னல் கம்பியக்கூட இதவிட நல்லா வெச்சிருப்பாங்களே மாப்பிள்ளே" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றுதான் கேட்டேன். அன்றிலிருந்து அவருக்கு என்னோடு பேச்சு இல்லை. எனக்கும் நஷ்டமில்லை.

அண்ணன்


மேல் முகாம்
ஜனவரி 22

அண்ணா,

மரியாதை கொடுத்தால் வலிக்கிறது என்கிறாய். சரி, நீ என்றே எழுதுகிறேன். திட்டுவதற்கும் அதுதான் வசதி.

செப்டம்பர் கதையில் பாதியைத்தான் எழுதியிருக்கிறாய். ஜன்னல் கம்பியோடு நீ நிறுத்தவில்லை. "துப்பாக்கியும் சும்மா கெடச்சுது, பொண்ணும் சும்மா கெடச்சுது. அருமை எங்கேர்ந்து தெரியும்?" என்றும் சொன்னாய். எனக்கு அதைச் சொன்னது இவர் இல்லை. இவர் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. நெட்டைதான் தாங்க மாட்டாமல் என்னிடம் சொன்னார். "அண்ணி, உங்கண்ணன் வாய்ல பினாயில் ஊத்திக் கழுவணும்" என்றார். செத்துப்போனவர் உன்னைப் பற்றி என்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான். வைத்துக்கொள்.

சும்மா கிடைத்த பொண்ணாம். இவரை வீட்டுக்குக் கூட்டி வந்தது யார்? "என் சிநேகிதன், தங்கமான பையன், கண்ணை மூடிக்கிட்டுக் கட்டிக்கோ" என்று சொன்னது யார்? கண்ணை மூடிக்கொண்டுதான் கட்டிக்கொண்டேன். சிநேகிதனாக இருந்தவரை தங்கம். மாப்பிள்ளை ஆனதும் தகரமா? வாராவாரம் உன் அறைக்கு வந்து, உன் முன்னால் நின்று, உன் பாடத்தைக் கேட்கவில்லை என்பதுதானே உன் கோபம்?

அன்று சாயங்காலம் இவர் இந்த வீட்டில் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று நீ பார்க்கவில்லை. அந்த போல்ட்டைச் செய்தித்தாள் மேல் வைத்து, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தார். விரல் நுனி சிவந்து போகிறவரை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ போ" என்றார். போய்விட்டேன்.

அலமாரியில் டப்பா இருக்கிறது. இந்த வரிசையில் எட்டு வீட்டிலும் இருக்கிறது. எட்டு வீட்டிலும் பம்பு இருக்கிறது. இது ஒரு சாட்சியா? உனக்காக என் வீட்டையே நான் துழாவ மாட்டேன்.

தங்கை


கீழ் நகரம்
ஜனவரி 27

தங்கச்சி,

வாய் தவறியது உண்மை. அதற்காக வேண்டுமானால் பினாயில் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வாய் தவறியதால் கரடி வரவில்லை.

பிப்ரவரி இருபது விசாரணை. உன் வீட்டு டப்பாவையும் ஊசியில் ஒட்டியிருந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். பார்த்தால் தெரிந்துவிடும். அப்போது உன் புருஷனுக்கு வேலையும் போகும், வழக்கும் வரும். அதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டால் கொஞ்சம் கௌரவம் மிஞ்சும். நீ அவரிடம் கேள். உன்னிடம் சொல்வார்.

என் பக்கத்தில் காகிதம் இருக்கிறது. ஆயுத அறைப் பதிவேட்டில் நவம்பர் முப்பதாம் தேதிக்கு நேராக எழுதியிருக்கிறேன்: "போல்ட் முழுவதும் பிரிக்கப்பட்டது. துடைத்து உலர்த்திக் கொடுக்கப்பட்டது." கீழே என் கையெழுத்து. பதினெட்டு வருஷமாக அந்தக் கையெழுத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை. மடியில் கனமில்லை, அதனால் எனக்கு வழியில் பயமில்லை.

கை எப்படி இருக்கிறது அவருக்கு? விரல் மடங்குகிறதா?

அண்ணன்


மேல் முகாம்
பிப்ரவரி 4

அண்ணா,

கேட்டேன்.

கேட்கக் கூடாது என்று நாலு நாள் இருந்தேன். நேற்று மத்தியானம் கட்டு மாற்றும்போது, என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். "போல்ட்டுக்குள்ள பம்பு கிரீஸ் போட்டீங்களா?" என்றேன். கையை இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. பிரித்துப் போட்டிருந்த காயத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போட்டேன். அக்டோபர்ல. மழ விடாம பேஞ்சுது. மறுபடி துரு புடிச்சா மறுபடி மச்சான் முன்னாடி போய் நிக்கணும். மறுபடி பத்துப் பேரு சிரிப்பான். அதனால உள்ள வெளிய எல்லாம் ரொப்பி விட்டேன். இனிமே எங்க புடிக்கும் துருன்னு."

"ஊசிக்குப் போடக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்களாமே?"

"சொல்லிக் குடுத்தாரு. குளிருக்கு முன்னால தொடச்சிரலாம்னு நெனச்சேன். அப்பறம் நவம்பர்ல செக்கிங்குக்கு வரச் சொன்னாங்க. மச்சான்கிட்டதான் போகுதே, அவரு தொடச்சிருவாரு, கூடவே நாலு திட்டும் சேத்து எழுதி அனுப்புவாருன்னு டிரைவர்கிட்ட குடுத்து விட்டேன். மூணு நாள் கழிச்சு வந்துச்சு. திட்டு இல்ல. சீட்டுல சுத்தம்னு கையெழுத்து மட்டும் இருந்துச்சு. சரி, தொடச்சிட்டாருன்னு விட்டுட்டேன். அப்பறம் நான் தொறக்கவே இல்ல."

"அப்பறம் மறுபடி கிரீஸ் போட்டீங்களா?"

"இல்ல." என் முகத்தைப் பார்த்து, "உன் மேல சத்தியமா இல்ல" என்றார்.

"அப்ப இத ஏன் விசாரணையில சொல்லல?"

"சொன்னா நாந்தான் கொன்னேன்னு ஆயிடும்." பிறகு நான் கட்டைச் சுற்றி முடித்ததும், "நாந்தானே" என்றார்.

அண்ணா, இந்த மனிதர் பொய் சொன்னார், ஒப்புக்கொள்கிறேன். அக்டோபரில் போட்டதை மறைத்தார். அதற்காக இவரை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் எனக்குக் கணக்கு இடிக்கிறது. அக்டோபரில் போட்ட கிரீஸ், நவம்பரில் உன் மேசைக்கு வந்தது. நீ பிரித்தாய், மண்ணெண்ணெயில் கழுவினாய், துணி வெள்ளையாக வரும்வரை துடைத்தாய், சுக்காகக் காய வைத்தாய். அப்படியென்றால் டிசம்பரில் நீ பார்த்த மஞ்சள் மெழுகு எங்கிருந்து வந்தது?

என் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கத்தரிக்கோலைக் கொதிக்கவைத்தேன் என்று தாளில் எழுதினால் கொதிக்கவைத்திருப்பேன். கொதிக்கவைக்கவில்லை என்றால் எழுத மாட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது விஷயம் கிடையாது.

ஒரே ஒரு கேள்வி. நவம்பரில் அந்த போல்ட்டை நீ பிரித்தாயா?

தங்கை


கீழ் நகரம்
பிப்ரவரி 7

உன் கடிதம் கிடைத்தது. பட்டறையில் சத்தம் அதிகம், தலைவலி. ஒரு வாரம் கொடு, விவரமாக எழுதுகிறேன்.


மேல் முகாம்
பிப்ரவரி 10

ஒரு வாரமா? ஆமாம் என்பதற்கு மூன்றெழுத்து. இல்லை என்பதற்கும் மூன்றெழுத்துதான். அதை எழுத உனக்கு ஏழு நாளா?

நெட்டையின் மனைவி இன்று என்னிடம் வந்தாள். காவலர் சீருடைகளைத் தைத்துக் கொடுக்கிறவள், உனக்குத் தெரியும். உன் காக்கிச் சட்டையில் போன வருஷம் ஆயுத அறை வில்லையைத் தைத்ததும் அவள்தான். குடியிருப்பைக் காலி செய்ய மூன்று மாதம் தவணை கேட்டு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். போகும்போது வாசலில் நின்று, "உங்கண்ணன் நல்லவராச்சே நர்ஸம்மா. ஏன் இப்படிக் கவனக்குறைவா வுட்டாரு?" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

உள்ளே இவர் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றெழுத்து, அண்ணா.


கீழ் நகரம்
பிப்ரவரி 13

தங்கச்சி,

இல்லை.

பிரிக்கவில்லை.

இதற்கு மேல் எழுதாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். நீ விட மாட்டாய்.

நவம்பர் இருபத்தெட்டு பதினேழு துப்பாக்கிகள் வந்தன. பதினாறு பேர் தாங்களே கொண்டுவந்தார்கள். ஒன்று மட்டும் டிரைவர் கையில் வந்தது. துப்பாக்கியின் கழுத்தில் தொங்கிய எண் சீட்டைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்தது. 'வர்றதுக்குக் கால் வலிக்குதோ துரைக்கு' என்று மேசையின் ஓரத்தில் சாய்த்து வைத்தேன். அவரே வரட்டும், வந்து கேட்கட்டும், அதுவரை தொட மாட்டேன் என்று வைராக்கியம். மற்ற பதினாறையும் நீ படித்த பாடத்தின்படியே செய்தேன். அது இரண்டு நாள் அங்கேயே நின்றது. அவர் வரவில்லை.

மூன்றாம் நாள் லாரி கிளம்புகிற நேரம். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். துப்பாக்கியை எடுத்தேன். வெளிப்புறத்தைத் துணியால் துடைத்தேன். கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துத் தள்ளினேன். வழவழவென்று போய் வந்தது. அறையில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது, கிரீஸ் இளகியிருந்தது, போகாமல் என்ன செய்யும்? ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'பரவாயில்லையே, நான் கேட்டது உறைத்திருக்கிறது, திருந்திவிட்டான்' என்று நினைத்தேன். என் மேலேயே எனக்குப் பெருமையாக இருந்தது. பதிவேட்டில் மற்ற பதினாறுக்கும் எழுதியதையே பதினேழாவதற்கும் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

பின்மூடியைக் கழற்ற அரை நிமிடம் ஆகியிருக்கும்.

டிசம்பர் பதினெட்டு அதிகாரி முன்னால் ஊசியை வெளியே இழுத்தபோது எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதே விநாடியில், "நான் கொடுத்தபோது இப்படி இல்லை" என்று என் வாய் சொல்லிவிட்டது. ஒரு தடவை சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. உனக்கு எழுதிய முதல் கடிதத்தில் மண்ணெண்ணெய், பிரஷ், வெள்ளைத் துணி என்று விவரித்தேனே, எழுதும்போது நான் அந்த போல்ட்டை நிஜமாகவே கழுவியது போலத்தான் இருந்தது. அவ்வளவு தடவை மனதுக்குள் கழுவியிருக்கிறேன்.

இப்போது நடக்க வேண்டியதைப் பார்ப்போம். அவர் போட்டதும் தெரிய வேண்டாம், நான் பார்க்காமல் விட்டதும் தெரிய வேண்டாம். ஒரு வழி இருக்கிறது. அன்றைக்கு இருந்த தோட்டா பழைய சரக்கு. ஈரம் பட்டிருக்கலாம் என்று நானே நிபுணனாகச் சொன்னால் எடுபடும். கிரீஸ் இருந்தது உண்மை, ஆனால் வெடிக்காததற்கு அது காரணமில்லை என்று எழுதிக் கொடுக்கிறேன். அவரும் அதையே சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் வேலை நிற்கும். செத்தவன் திரும்பி வரப் போவதில்லை. இருக்கிறவர்களாவது இருக்கலாமே.

அவரிடம் பேசு. நாள் குறைவாக இருக்கிறது. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

அண்ணன்


மேல் முகாம், மருத்துவ அறை
பிப்ரவரி 17

அண்ணா,

உன் யோசனையை இவரிடம் சொன்னேன். இரண்டு நிமிடம் யோசித்தார். "மச்சான் சொல்றதும் சரிதான்" என்றார். ஐந்து மாதத்தில் உங்கள் இருவருக்கும் முதல் தடவையாக ஒரே கருத்து. வேறு ஒரு விஷயத்துக்கு இந்த ஒற்றுமை வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன். இவர் பயந்து போய் என்னைப் பார்த்தார்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. எடுத்துக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போனேன். நெட்டையின் மனைவி காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நானே வாசித்தேன். ஒரு வரி விடவில்லை. இவர் அக்டோபரில் செய்ததையும் சொன்னேன். நடுவில் அவள் ஊசியை வைக்கவே இல்லை, தைத்துக்கொண்டே கேட்டாள். முடித்த பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கேட்டாள்:

"அப்ப, இவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்திருந்தா எங்க வீட்டுக்காரர் இருந்திருப்பாரா?"

என்ன பதில் சொல்லட்டும்? நீ சொல்லேன். நீதான் நிபுணன்.

"ஆமாம்" என்றேன்.

"கரடியாலன்னு நெனச்சிருந்தேன்" என்றாள். "துப்பாக்கியாலன்னு நெனச்சிருந்தேன். இது என்ன நர்ஸம்மா, இவ்வளோ சின்ன விஷயமா இருக்கு?"

கடிதத்தைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னாள். கொடுத்துவிட்டேன். இருபதாம் தேதி அவளும் கீழே வருகிறாள். அதிகாரியிடம் அதைக் கொடுப்பாளா, கையில் வைத்துக்கொண்டே திரும்பி வருவாளா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அவள் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஈரத் தோட்டா என்று சொல்ல உனக்கு நா எழுமா என்பதை நீ பார்த்துக்கொள்.

இவருக்கும் இதைச் சொல்லிவிட்டேன். "உங்கண்ணனையும் என்னையும் ஒரே நாள்ல தூக்கிக் குடுத்துட்டியே" என்பது மாதிரி ஏதோ சொன்னார். 'என்னையும் உங்கண்ணனையும்' என்றாரோ என்னவோ. நான் பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தேன், சரியாகக் காதில் விழவில்லை. மருத்துவ அறைக்குப் பின்னால் ஒரு கட்டில் இருக்கிறது. அங்கே வந்துவிட்டேன். தினமும் காலையில் போய்க் கட்டு மாற்றிவிட்டு வருகிறேன். அது என் வேலை.

நானும் கை சுத்தமானவள் இல்லை. நெட்டை சொன்ன அன்றே உன்னிடம் வந்து சண்டை போட்டிருக்க வேண்டும். 'ஆம்பளைங்க சமாச்சாரம், தானே ஆறிவிடும்' என்று இருந்துவிட்டேன். ஆறட்டும் என்று எல்லோருமே காத்திருந்தோம்.

தங்கை


கீழ் நகரம்
பிப்ரவரி 21

தங்கச்சி,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரும் நடந்ததை நடந்தபடி சொன்னோம். என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவரையும் எடுத்துவிட்டார்கள். வழக்குப் போடுவதா வேண்டாமா என்று மேலே இருக்கிறவர்கள் தீர்மானிப்பார்களாம். ஈரத் தோட்டாவைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. யோக்கியன் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை. உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

விசாரணை அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அந்த முனையில் மாப்பிள்ளை, இந்த முனையில் நான். நடுவில் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். எதிர்ச் சுவரோரம் நாற்காலியில் நெட்டையின் மனைவி. மடியில் என் கடிதம், அதன்மேல் அவளுடைய இரண்டு கைகள். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மாப்பிள்ளையின் கட்டில் ஒரு நுனி அவிழ்ந்து தொங்கியது. சரிசெய்யச் சொல்லலாமா என்று பத்துத் தடவை நினைத்தேன். அதைக்கூடச் சொல்லவில்லை.

திடீரென்று அவர் பேசினார். என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துப் பேசினார்.

"ரெண்டு தடவ விசைய இழுத்தேன் மச்சான்."

நான் திரும்பினேன்.

"மொதத் தடவ டிக்குன்னுச்சு. கைப்பிடியத் தூக்கி இழுத்தேன். தோட்டா வெளிய விழுந்துச்சு. அடுத்தத உள்ள தள்ளி அமுக்கினேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே, பதறாம செஞ்சேன். மறுபடியும் டிக்குன்னுச்சு. அப்ப அவன் என்னத் திரும்பிப் பாத்தான். கரடி மேல இருக்கு, அப்பவும் திரும்பிப் பாத்து 'என்னடா?'ன்னான். சுடுன்னு கத்தல. 'என்னடா?'ன்னுதான் கேட்டான்."

அவர் சொன்னது என்னிடம். ஆனால் அந்த நடை ரொம்பக் குறுகல். எதிரில் இருந்தவள் தலையை நிமிர்த்தினாள்.

"பாஞ்ச ஒடனே உசுரு போயிடுச்சுன்னு சொன்னீங்களே."

மாப்பிள்ளை அப்போதுதான் அவள் அங்கே இருப்பதை உணர்ந்தவர் போல விழித்தார்.

"நீங்களும் சொன்னீங்க. நர்ஸம்மாவும் சொன்னாங்க. வலியே தெரிஞ்சிருக்காதுன்னு என் கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னாங்க."

மாப்பிள்ளை அவிழ்ந்த கட்டு நுனியைக் கைக்குள் சுருட்டினார்.

"துப்பாக்கி வெடிக்கலைன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் மாப்பிள்ளை.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். கதவு திறந்து எங்களைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எழுந்தோம்.

"உள்ள போயி இதையும் சொல்லுங்க" என்றாள். "இனிமே எனக்காக யாரும் எதையும் கொறைக்க வேணாம்."

சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாளைக் காலை லாரியில் அவள் மேலே வருகிறாள். இந்தக் கடிதமும் அதே லாரியில்தான் வருகிறது. முதலில் எங்கே போவாய் என்று கேட்டேன். மருத்துவ அறைக்கு என்றாள்.

அண்ணன்